கிளாக்கர் ஐயா ஏன் நிற்கிறார்?

ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, அதன்மேல் கணினியை ஏற்றி, நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, நிரோஷன் நின்றபடியே வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆபீஸைக் கூட்டித் தேத்தண்ணி வைத்துக் கொடுக்கும் ராசம்மா, கையில் கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயையோ! நாற்காலி எங்கங்கய்யா?"

"வெளிய போட்டுட்டேன் ராசம்மாக்கா. இனிமே நின்னுக்கிட்டுத்தான் வேல."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும்தான். ஒடம்புக்கு அதுதான் நல்லது."

ராசம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தேத்தண்ணியைக்கூடக் கொடுக்க மறந்து, விறுவிறுவென்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்விட்டாள்.

'படிக்காத சனம், புதுசா எதைப் பார்த்தாலும் பயப்படும்' என்று நிரோஷன் தனக்குள் சிரித்துக்கொண்டான். தன்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கைக்கு அளவே கிடையாது.

லிந்துலைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேலாளரான துரைக்குக் கீழே கணக்கு எழுதும் கிளாக்கர் அவன்தான். முன்பெல்லாம் கிளாக்கர் என்றால் ஸ்டோருக்கும் ஃபெக்டரிக்கும் நடையாய் நடக்க வேண்டும். கணினி வந்தாலும் வந்தது, கொழுந்து நிறுவையிலிருந்து உர மூட்டைவரை எல்லாம் திரைக்குள் புகுந்துகொண்டன. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழும்புவது. வயிறு முன்னால் வந்தது, முதுகு போயே போய்விட்டது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்பிடியே ஒக்காந்துக்கிட்டிருந்தா அடுத்த தரம் முதுக வெட்டத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் கோழி அறுத்தாலே கொல்லைப் பக்கம் ஓடிப்போகிற நிரோஷனுக்கு அந்தக் கணமே நெற்றி வியர்த்துவிட்டது. அடுத்த தரம் போவதற்குள் முதுகைத் தேற்றியே ஆக வேண்டும். போனில் பத்துக் காணொளி பார்த்தான். நின்றுகொண்டு வேலை செய்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்.

"தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள் மனைவி கிருஷாந்தி.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? என் காலு, நான் நிக்கிறேன்!"

அன்று பகல் தோட்டத் தலைவர் செல்லசாமி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. பின்னால் கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள்.

"கிளாக்கர் ஐயா, ஒங்க நாற்காலியத் தொரை புடுங்கிட்டாராமே?"

"யாருங்க சொன்னது? நானாத்தான் தள்ளி வச்சேன் தலைவர். ஒடம்புக்கு நல்லதுன்னு."

செல்லசாமி பின்னால் திரும்பினார். "பாத்தீங்களா? தொரைக்குப் பயந்து என்ன சொல்றாருன்னு பாருங்க!"

"பாவம், புள்ளகுட்டிக்காரரு" என்றாள் ஒருத்தி.

"நெசமாத்தான் சொல்றேன்!"

"பயப்படாதீங்கய்யா. நாங்க இருக்கோம்."

நிரோஷனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது என்ன பெரிய விஷயம்? நாற்காலியைக் கண்ணில் காட்டினால் முடிந்தது. அடுத்த நாள் அதைத் தூக்கி வந்து பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, வழக்கம்போல நின்றான். சன்னலுக்கு வெளியே வரிசையாகத் தலைகள் முளைத்தன.

"அடப்பாவிகளா! நாற்காலியப் பக்கத்துல போட்டு வச்சுக்கிட்டே ஒக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே! இது என்ன கொடும!"

"மொதல்ல புடுங்கித்தான் வச்சிருந்தாங்க, இதுக்கு அதுவே பரவாயில்ல."

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வந்த சனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. கொழுந்து பறிக்க மலைக்குப் போக ஒருவரும் எழும்பவில்லை. கங்காணிமார் கத்திக் கத்தித் தொண்டை வற்றினார்கள். நடுவில் செல்லசாமி மட்டும் சம்மணம் போட்டு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்: "எங்க கிளாக்கர் ஐயா ஒக்கார்ற வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

நிரோஷன் அசரவில்லை. வீட்டுக்கு ஓடி எக்ஸ்ரேயை எடுத்துவந்து, களத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான். அத்தாட்சியைக் கண்ட பிறகு யார் என்ன பேச முடியும்?

"நல்லாப் பாருங்க! இதுதான் என் முதுகெலும்பு! இந்த எடத்துலதான் கோளாறு!"

சனம் எட்டிப் பார்த்தது. ராசம்மா ஓவென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நிக்க வச்சு நிக்க வச்சு மனுசன் எலும்ப இப்பிடி ஆக்கிட்டாங்களே! இப்பிடிச் செஞ்சவங்க நல்லா இருப்பாங்களா!"

"இது நிக்கிறதால வந்தது இல்ல ராசம்மாக்கா, ஒக்காந்ததால வந்தது!"

"ஒக்காந்து யாருக்காவது ஒடம்பு நோகுமா? ஐயாவுக்கு மூளையும் கலங்கிப் போச்சே!"

பெரட்டுக்களமே ஒப்பாரி வீடாகிவிட்டது.

துரை அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். மனிதர் காலைத் தேத்தண்ணியே குடித்திருக்கவில்லை.

"நிரோஷன், என்ன வேல இது? மலையில கொழுந்து முத்துது. கம்பெனியில இருந்து போனுக்கு மேல போன்."

"சார், டாக்டர்தான் ஒக்காரக் கூடாதுன்னாரு."

"டாக்டர் ஒனக்குத்தான் சொன்னாரு, அவங்களுக்கு யாரு சொல்றது? ஒண்ணு நீ நாற்காலியில ஒக்காரு. இல்லாட்டி ஆபீஸ் சாவியக் குடுத்துட்டுப் போ."

உட்கார்ந்தால் முதுகில் கத்தி. நின்றால் வேலை போய்விடும். வேலை போனால் குவாட்டர்ஸும் போய்விடும். வாழ்க்கையில் முதல் தடவையாக, கிருஷாந்தி சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒக்கார்றேன் சார்" என்றான்.

சாயங்காலம் துரைக்கும் செல்லசாமிக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. சாட்சிக்கு நிரோஷனும் நின்றான்.

"கிளாக்கருக்கு நல்ல நாற்காலியாக் குடுக்கணுங்க தொரை" என்றார் செல்லசாமி.

"குடுக்கிறேன். என் பங்களா நாற்காலியவே குடுக்கிறேன். வேற?"

"இந்த மாதிரி நிக்க வைக்கிற கொடும இனி யாருக்கும் வரக்கூடாது. கொழுந்து நிறுக்கிற எடத்துல பொம்பளைங்க மழையில கால்கடுக்க நிக்கிறாங்க. அங்கயும் ஒரு கூரையப் போட்டு, ரெண்டு பெஞ்சும் போட்டுக் குடுத்திருங்க."

"அவ்வளவுதானே?" துரைக்கு உயிர் திரும்பியது. "நாளைக்கே ஆசாரியக் கூப்பிடுறேன்."

அடுத்த நாள் களத்தில் விழாவே நடந்தது. நிரோஷனுக்கு மாலை போட்டு, பங்களாவின் மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து பிடரிவரை சுள்ளென்று இழுத்தது. பல்லைக் கடித்துச் சிரித்தான். சனம் கைதட்டிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறியது.

பிறகு தொடங்கியது அவனுடைய உண்மையான சோதனை. சன்னல் பக்கம் யார் வந்தாலும் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் நகர்ந்ததும் துள்ளி எழும்புவான், செருப்புச் சத்தம் கேட்டதும் பொத்தென்று விழுவான். இப்படி எழும்பி விழுந்ததில் முதுகு முன்பைவிட மோசமானது. டாக்டரிடம் மறுபடி போகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் அவன் மூளை சும்மா இருக்குமா? சன்னலுக்குத் திரை போட்டான், கதவைச் சாத்தினான், தேயிலைப் பெட்டியை மறுபடி மேசையில் ஏற்றினான். திருட்டுத்தனமாக நின்றுகொண்டு நிம்மதியாகக் கொழுந்துக் கணக்கைத் தட்டத் தொடங்கினான். முதுகு லேசானதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கதவு படாரென்று திறந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு ராசம்மா நின்றாள்.

நிரோஷன் பதறிப்போய் நாற்காலியில் விழப் போனான். "ராசம்மாக்கா! சத்தியமா இப்பத்தான் எந்திரிச்சேன்! தொரை ஒண்ணும் சொல்லல! தலைவர்கிட்ட சொல்லிராதீங்க, திரும்பவும் வேலநிறுத்தம் வந்தா என் வேல போயிரும்!"

ராசம்மா கோப்பையைப் பெட்டிமேல் வைத்தாள். திரையை இழுத்துச் சன்னலையும் திறந்துவிட்டாள். தூரத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்துப் புதுக் கூரைக்குக் கீழே பெண்கள் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"தாராளமா நில்லுங்கய்யா. ஒங்களுக்கு முதுகு சரியில்ல, டாக்டர்தான் ஒக்காரக் கூடாதுன்னாருன்னு ஒங்க வீட்டம்மா வாயால மொத நாளே லயம் பூரா தெரியும். நாங்க ஒக்கார ஒரு பெஞ்சு கேக்கத்தான் இத்தன வருசமா சாக்குக் கெடைக்காம இருந்துச்சு!"