ஓடுகிற கோப்பைத் தொடாதவர்

உலகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தும் படிக்காதவர் என்று ஒரு ரகம் உண்டு. அதில் உயர்ந்த சாதி மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். முந்நூறு பக்க ஆய்வேட்டை அடிக்குறிப்போடு கரைத்துக் குடித்திருப்பார். இருபது வரிக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள், திறந்தே பார்க்கமாட்டார்.

நம்மவர் அப்படி ஓர் ஆராய்ச்சி மாணவர். வெள்ளிக்கிழமை காலை வழிகாட்டிப் பேராசிரியர் முன் ஆய்வு முடிவுகளை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாநாட்டுக் கட்டுரையில் அவர் பகுதி காலி. கணக்குப் போடப் பல்கலைக்கழகத்தில் பல கணினிகளை ஒன்றாகக் கோத்த பெரிய கணினிக் கூட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் நேரே போய் உட்கார்ந்துவிட முடியாது. எத்தனை செயலி, அதாவது ப்ராசஸர், வேண்டும், தரவு எங்கே இருக்கிறது, முடிந்ததும் யாருக்கு மெயில் போட வேண்டும் என்றெல்லாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

எழுதுவதா? எதற்கு? அதே நாற்காலியில் முன்பு இருந்து, பட்டம் வாங்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்ட அக்கா விட்டுச்சென்ற கோப்பு இருக்கிறதே! "ஓடுறதைத் தொடாதே" என்ற உபதேசத்தோடு கொடுத்தது. திங்கட்கிழமை காலை நம்மவர் அதை அப்படியே அனுப்பினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையைப் பார்த்தார், பின்னால் வந்தவர்களெல்லாம் முந்திப் போவதைப் பார்த்துப் பொருமினார், நிர்வாகத்தில் ஏதோ சிபாரிசு நடக்கிறது என்று காப்பி மெஷின் பக்கம் நின்ற எல்லோரிடமும் சொன்னார். புதன் மதியம் அவர் வேலை பட்டியலிலிருந்து மறைந்தது. முடிந்துவிட்டது! மெயில்தான் வரவில்லை.

அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உன் வேலை ரெண்டு செகண்டுல செத்துப்போச்சாம். மெயில் எனக்கு வருது."

"உங்களுக்கா? ஏன்க்கா?"

"கோப்புல இருக்கிறது என் அட்ரஸ். தரவையும் என் பழைய ஃபோல்டர்ல தேடுது, அதை நான் கிளம்பினப்பவே அழிச்சாச்சு. ஆமா, அறுபத்து நாலு செயலி உனக்கு எதுக்கு? அத்தனையும் ஒண்ணா காலியாகுற வரைக்கும்தான் உன்னை வரிசையில நிறுத்தியிருக்கு. உன்னோடதுக்கு ஒண்ணு போதும், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"ஓடுறதைத் தொடாதேன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"ஓடுறதைத்தான் சொன்னேன், தம்பி."

அக்கா சொன்ன மூன்று விஷயத்தில் நம்மவர் காதில் ஏறியது ஒன்றுதான்: தன் தோல்வி ஊர்விட்டு ஊர் போகிறது. மானம் போகிறதே! முகவரியை மட்டும் மாற்றினார். மற்றதைத் தொடவில்லை. மறுபடி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை வழிகாட்டி கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"முடிவு எங்கப்பா?"

அந்த நொடியில் போன் சிணுங்கியது.

"வந்துடுச்சு சார்!"

ஆசையாகத் திறந்தார். இரண்டு வினாடியில் தோல்வி என்ற செய்தி இந்த முறை உரியவர் கைக்கே ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. வழிகாட்டி எட்டிப் படித்துவிட்டு, கட்டுரையில் நம்மவருடைய நான்காம் பகுதிமேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஆறு மாத உழைப்பு. பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரிப்பும் அடங்கமாட்டேன் என்கிறது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? தாராளமாக. போன மாதம் பக்கத்து மேசைக்காரரின் விடுப்புக் கடிதத்தை வாங்கி, தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தீர்களே, அதில் யாருக்குப் பிரசவம் என்று எழுதியிருந்தது?