காலரை அரித்த பூச்சி

இனிமேல் கடையில் விற்கிற ஈயைக் கையால் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். ஈயைப் போய் எவனாவது காசு கொடுத்து வாங்குவானா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. வாங்குவான். தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் சுற்றி, பார்க்க ஈ மாதிரியே செய்து விற்கிறார்கள். அதைத் தண்ணீர் மேல் வீசினால், நிஜ ஈ என்று நம்பி மீன் வாயைத் திறக்கும். மீனின் கதை அத்தோடு சரி. என் கதை இனிமேல்தான்.

சபதத்துக்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். ஞாயிறு தவறாமல் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறவர்.

"சார், இந்த ஞாயித்துக்கிழமை நானும் கூட வரட்டுமா?"

"தாராளமா வாங்க. ஆனா நீங்களே கட்டின ஈயோட வரணும். கடை ஈயை வெச்சு மீன் பிடிக்கிறது, அடுத்தவன் பல்செட்டை மாட்டிக்கிட்டு சிரிக்கிற மாதிரி சார்."

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். வாரம் முழுக்க ஊராருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எனக்கு ஒட்டடையைக் காட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட என்னுடையதாக இருந்ததில்லை. இந்த ஒரு ஞாயிறு எனக்கு வேண்டும். கடையில் கிழவர் ஒருவரிடம் "கீழ் வரியைப் படிங்க" என்பதற்குப் பதிலாக "கீழ்க் கரையைப் படிங்க" என்று சொல்லுமளவுக்கு அந்த ஆறு என் தலைக்குள் ஓடியது.

சாமான் அறையில், பழைய தையல் மேஜையின் ஓரத்தில் ஒரு குட்டி இடுக்கியைத் திருகி மாட்டினேன். அதில் முள்ளைப் பொருத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இனி வேண்டியது இறகும் முடியும்தான்.

இறகு தலையணையில் கிடைத்தது. முடி பூனையிடம் கிடைத்தது. இரண்டாவது தடவை கத்தரியோடு போனபோது, பூனை அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. சாட்சி சொல்லத் தெரியாத ஜீவன் என்பதால் பிழைத்தேன். முடிச்சு அவிழாமல் இருக்க, தலைப்பக்கத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கவேண்டும். அது என் மனைவியின் மேஜையில் கிடைத்தது.

"என்னங்க, என் தலையணை ஏன் இப்படி இளைச்சிருக்கு?"

"ஏதாவது கவலையா இருக்கும்."

"தலையணைக்கா?"

"அதுல படுக்கிற தலைக்கு."

"சரி. என் நகப்பூச்சு மூடியில எப்படி பூனை முடி ஒட்டிச்சு?"

"அதுக்கும் நகம் இருக்குல்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பூனையைப் பார்த்தாள். பூனை என்னைப் பார்த்தது. நான் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

ஆனால் ஈ சரியாக வரவில்லை. என் முதல் படைப்பைப் பார்த்த பல் டாக்டர், "இது ஈ இல்ல சார், துடைப்பம். உடம்புக்கு மெத்துமெத்துன்னு பழுப்பு மயிர் வேணும்" என்றார். வீடெல்லாம் தேடினேன். கடைசியில் கண்டுபிடித்தேன். ஐயோ, அதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

என் மனைவியின் குளிர்கோட்டில் ஒரு காலர் உண்டு. மெத்துமெத்தென்று, பழுப்பாக, ஈக்கென்றே வளர்ந்தது போல இருக்கும். கோட்டு மாமனார் வாங்கிக் கொடுத்தது. அதற்கு வீட்டில் இருக்கும் மரியாதையில் பாதி எனக்கு இருந்தால், நான் ஏன் சாமான் அறையில் ஒளிந்துகொண்டு ஈ கட்டப்போகிறேன்? கழுத்துப் பின்னால், மடிப்புக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில் கொஞ்சமே கொஞ்சம் எடுத்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். பிறகு கை நிற்கவில்லை.

ஈ பிறந்தது. அடடா! பழுப்பு உடம்பு, வெள்ளை இறக்கை, சிவப்புத் தலை. ஜன்னலில் வைத்தால் பறந்துவிடுமோ என்று எனக்கே பயம். ஒரு காலிக் கண்ணாடிக்கூட்டில் வைத்து, என் காலுறைகளுக்கு அடியில் ஒளித்தேன்.

சனிக்கிழமை காலையில் வீடே அதிர்ந்தது.

"என்னங்க! இங்க வாங்க! என் கோட்டைப் பாருங்க!"

காலரின் உள்பக்கம் சொட்டையாக இருந்தது. 

"எப்படிங்க இப்படி ஆச்சு?"

நான் கொஞ்சம் மௌனமாக இருந்திருக்கலாம். அல்லது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கலாம்.

"பூச்சி!" என்றேன். "பூச்சிதான் அரிச்சிருக்கு. சந்தேகமே இல்ல."

"நிச்சயமாவா?"

"கண்ணு பாக்கிறவன் சொல்றேன். சுத்தமான பூச்சிக்கடி."

அவள் முகம் தெளிந்தது. அப்பாடா, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சுதான் வெளியே வந்தது.

"அப்ப நாளைக்கே எல்லா அலமாரியும் காலி பண்ணணும். துணியெல்லாம் உதறி வெயில்ல போடணும். மூலை முடுக்கெல்லாம் மருந்து அடிக்கணும். பூச்சின்னு தெரிஞ்சப்புறம் விட்டுவைக்க முடியுமா?"

"நாளைக்கா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை!"

"அதனாலதான் நீங்க வீட்ல இருக்கீங்க."

"இல்லம்மா... யோசிச்சுப் பாத்தா, அது பூச்சியா இல்லாமக்கூட இருக்கலாம்."

"அப்படியா? வேற எது?"

அலமாரி மேலிருந்து பூனை ஆவலோடு எட்டிப் பார்த்தது.

"வேற எதுன்னு கேக்கறேன். அப்பா வாங்கிக் குடுத்த கோட்டு. யாரு கை வெச்சாங்கன்னு மட்டும் தெரியட்டும்..."

"பூச்சிதான்," என்றேன். "பெரிய பூச்சி."

ஞாயிறு காலை பல் டாக்டரின் கார் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் அவர் மனைவி. நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கையில் மருந்துக் குழாயோடு, மலைபோல் குவிந்த துணிக்கு நடுவில் நின்றேன். என் மனைவியோ தலைவாரிப் புறப்பட்டு நின்றாள்.

"நீ எங்க கிளம்பிட்ட?"

"மருந்து வாடை எனக்கு ஆகாதுன்னு தெரியாதா? டாக்டர் வீட்டு அக்கா ஆத்தங்கரையில தனியா உக்காந்திருப்பாங்களாம். துணைக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்."

அதே கோட்டைத்தான் போட்டிருந்தாள். வாசலில் நின்று, காலரை மெல்ல மடித்துக் காட்டினாள். சொட்டை விழுந்த இடத்தில் பழுப்பு உடம்பும் வெள்ளை இறக்கையும் சிவப்புத் தலையுமாக என் ஈ குத்தியிருந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க. பூச்சி உங்க காலுறைக்கு அடியில இருந்துது. கையோட பிடிச்சுட்டேன்."

கார் போய்விட்டது. நான் மருந்து அடித்தேன். இல்லாத பூச்சிக்கு இவ்வளவு மனப்பூர்வமாக மருந்து அடித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொன்னால் வெட்கக்கேடு, அழுகைகூட வந்தது. மருந்து நெடி என்று பூனையிடம் சொன்னேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். கையில் ஒரு மீன். முழங்கை நீளம். பின்னாலேயே பல் டாக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், ஈன்னா இதுதான் சார் ஈ! நான் காலையிலேருந்து வீசறேன், ஒண்ணும் சிக்கல. உங்க வீட்டம்மா என் தூண்டில்ல இதை மாட்டி ஒரே வீச்சுதான்!"

துணிமலை, மருந்து நாற்றம், கைவிட்டுப் போன ஞாயிறு எல்லாம் எனக்கு மறந்தே போயின. நெஞ்சு விம்மியது.

"என் ஈயிலயா விழுந்துது? நிஜமாவா? எப்படி விழுந்துது, சொல்லு!"

"காலர்ல இன்னொரு பக்கமும் எடுத்துக்கோங்க, ஒரே பக்கம் சொட்டையா இருந்தா நல்லா இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டா கட்டி வைங்க, அக்காவும் கேட்டாங்க" என்றபடியே மீனை என் கையில் கொடுத்தாள்.

"அது இருக்கட்டும். எப்படி மாட்டிச்சு, அதைச் சொல்லு!"

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க. சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். உங்களை மாதிரியே வாயைக் குடுத்து மாட்டிக்கிச்சு."