வெற்றிலை போடும்வரை எல்லாரும் சுகம்

வவுணதீவு,
ஆவணி, 1943.

அன்பும் மதிப்பும் உள்ள வினாயகமூர்த்தி அத்தானுக்கு,

இந்நேரத்தில் விளக்கைக் கொளுத்திவைத்து எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும்; தொட்டிலில் கிடப்பவன் இப்போதுதான் கண்ணை மூடினான். இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அந்தச் சொல்லை எழுத இன்று கை கூசுகிறது. அந்த ஒரு சொல்லால் உங்கள் தாயார் இருக்கும் முதியோர் மடத்தை இழுத்து மூடியிருப்பார்கள்.

யுத்தத்தால் அரிசி, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறி, பராமரிக்கிற பெண்களும் கூலி கூட்டிக் கேட்க, அரசாங்கம் மானியத்தைக் கூட்டித் தராவிட்டால் இந்த மாதத்தோடு மடத்தைப் பூட்டவேண்டிய நிலை. நோயாளிகள் நிறைந்த இடங்களுக்குத்தான் கூட்டுவார்களாம். அதைப் பார்த்தெழுதக் கொழும்பிலிருந்து இன்று ஒரு பரிசோதகர் வந்தார். காரியதரிசி என்ற பேரில் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போக, அவர் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று "சுகமா?" என்று கேட்டார். கண் தெரியாத ஆதம்பாவா காக்கா "சுகம் தம்பி" என்றார். மூச்சிழுப்பில் முட்டிக்கொண்டிருந்த சாமித்தம்பிப் பெரியப்பாகூட மூச்சைப் பிடித்துவைத்து, "நல்ல சுகம், நீங்க சுகமா?" என்றார். பரிசோதகரும் சுகம், சுகம் என்றே எழுதிக்கொண்டு வந்தார். உங்கள் தாயாரின் கட்டில் வந்ததும், மாமியின் காதில் குனிந்து, "எழும்ப ஏலாமக் கிடக்கிறத்தச் சொல்லுங்க மாமி" என்றேன். "வந்த மனிசனுக்கு வெத்தில குடுக்க முதல் வருத்தத்தச் சொல்றதா? இதத்தானா கா படிப்பிச்ச காலேஜில?" என்று அவருக்கும் கேட்கத்தக்கதாக ஏசினார்.

பரிசோதகர் பேனாவை மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியோ வெற்றிலை வட்டாவை நீட்டி, "இரிங்க தம்பி" என்றார். பரிசோதகர் பாக்கைக் கடித்ததுதான் தாமதம், "இனிக் கேளுங்க" என்று மாமி தொடங்கினாரே பாருங்கள்! முழங்கால், இடுப்பு, நித்திரை, மலசலம் என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆதம்பாவா காக்கா அந்தப் பக்கத்தால் கண்ணைச் சொல்ல, பெரியப்பா இழுத்தே காட்ட, பரிசோதகர் எழுதியதை வெட்டி வெட்டி எழுத, துறையில் அவர் திரும்பிப்போகவேண்டிய கடைசித் தோணியும் போய்விட்டது. முடிவில் அவரே பேனாவை வைத்துவிட்டு, கொழும்புக் கடைச் சாப்பாட்டால் தன் வயிறு படும் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். மாமி அவருக்கு ஓமத்தண்ணீர் வைப்பித்தார். "பயப்படாதீங்க தங்கச்சி, கூட்டித் தரச்சொல்லி நானே எழுதுறன்" என்று அவர் சொன்ன பிறகுதான், அத்தான், எனக்கு மூச்சு வந்தது. இரவு மடத்திலேயே தங்கிவிட்டார்.

இனி நீங்கள் கொழும்பில் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். மாமி உங்கள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். என் வணக்கம், பிள்ளையின் முத்தம்.

உங்கள் மாமா மகள்,
இராசாத்தி

பி.கு.: விடிந்ததும் மடத்துக்குப் போனால், மாமி மூட்டை கட்டி வைத்திருக்கிறார். கடைச் சாப்பாட்டின் கதையைக் கேட்டதிலிருந்து நித்திரையே இல்லையாம். நீங்களும் அங்கே கடையில்தானே சாப்பிடுகிறீர்களென்று, உங்களுக்குச் சமைத்துப்போடக் கொழும்புக்கு வருகிறாராம். "எழும்பவே ஏலாதெண்டு நேத்துத்தானே மாமி சொன்னீங்க?" என்றேன். "ரெயில்ல இரிந்துதானே கா போற, நடக்கவா சொல்றாங்க?" என்கிறார். பரிசோதகருக்குத் துணையாகக் காலைத் தோணியில் புறப்பட நின்றவரை, உங்கள் பதில் வரட்டும் என்று கெஞ்சிப் பிடித்துவைத்திருக்கிறேன். உங்கள் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.