சம்பந்தி அவர்களுக்கு, என் தொப்பை குறித்து

குற்றாலம்,
ஆனி 20, வெள்ளிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி, கடையம் உரக்கடை வல்லிநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு, குற்றாலம் பரோட்டாக்கடை இசக்கியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. என் வீட்டுக்காரி பேராச்சி நன்றாக இருக்கிறாள், மகள் சண்முகப்பிரியா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடைசிச் செய்தியைத் தாங்கள் தயவுசெய்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அதை நம்பவைக்கத்தான் இத்தனை பக்கம்.

போன திங்கட்கிழமை தங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தார். ஆவணி பன்னிரண்டில் வைத்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று தாங்கள் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். என்ன காரணம் என்று கேட்டதற்கு, கொடுத்த மோரைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். காரணத்தை அன்று சாயங்காலமே எங்கள் கடை மாஸ்டர் சுடலைமாடன்தான் கொண்டுவந்தான். அவன் பெண் எடுத்தது கடையத்தில். "அண்ணாச்சி, உங்களுக்கு வயித்துல கட்டின்னு அங்கன பேசிக்கிடுதாங்க. ஆவணி வரைக்கும் தாங்குமான்னு எங்க மாமனார் என்கிட்ட கேக்காரு" என்றான். தங்களைப் போனில் அழைத்துப் பேசலாம்தான். ஆனால் பெரியவர்களிடம் போனில் பேசினால் எனக்கு நாக்கு குழறும், அதையும் வியாதிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். ஆகவே அண்ணாச்சி, தை மாதம் பெண் பார்க்க வந்தபோது தாங்கள் கண்ணால் கண்ட அந்தத் தொப்பை எங்கே போயிற்று என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதம் என் மகள்தான் என்னைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்கவைத்தாள். டாக்டர் ஷாரோன் என்று ஒரு அம்மா. ஈரலில் கொழுப்பு, சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது, இடுப்பு நாற்பத்து நாலு அங்குலம் என்று வாசித்துவிட்டு, பரோட்டா, சால்னா, எண்ணெய், அகால நேரத்துச் சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நான் பயந்துபோய், கடையை மூடச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். "கடையத் தொறந்தே வைங்க. வாய மட்டும் மூடுங்க" என்றார். எங்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் இதே கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியேதான் போனார் என்பதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. வெளியே வரும்போது பார்த்தால் என் மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயது ஐம்பத்து நாலு.

நான் பெருந்தீனிக்காரன் இல்லை அண்ணாச்சி. முதலாளி என்கிற முறையில் ருசி பார்ப்பேன், அவ்வளவுதான். கல்லில் முதலில் விழுகிற பரோட்டா வெந்திருக்கிறதா என்று ஒன்று, சால்னாவில் உப்பு சரியா என்று அதில் தொட்டு ஒன்று, கூட்டம் ஏறினால் கை மாறியிருக்குமே என்று இரண்டு, இப்படிப் பொறுப்பாகப் பார்த்தால் கடை மூடுவதற்குள் ஒன்பது பரோட்டா ஆகிவிடும். அந்தப் பொறுப்பை மகள் பிடுங்கிச் சுடலைமாடனிடம் கொடுத்தாள். அவனோ வீட்டுச் சோறு தவிர வேறெதையும் நாக்கில் வைக்காதவன், இருபது வருஷமாக வாசனையிலேயே உப்பு பார்க்கிறவன். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம். சால்னாவில் உப்பு இரண்டு தடவை விழுந்து, ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு வேன் முழுக்கத் தண்ணீர் கேட்டுத் தவித்தது. எனக்கோ ராத்திரி ஏழு மணிக்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சட்டம். சீசன் நேரத்தில் ஏழு மணிக்குத்தான் கடையில் நிற்க இடம் இருக்காது. கல்லாவில் இருந்துகொண்டே டிபன்பாக்ஸைத் திறந்து வெள்ளரிக்காயும் அவித்த கொள்ளும் தின்றேன். இலை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த வீட்டம்மா தன் புருஷன் காதில் ஏதோ சொன்னாள், நாலு பேரும் எழுந்து போய்விட்டார்கள். முதலாளியே தின்னாத கடையில் நாம் எப்படித் தின்பது என்று கேட்டாளாம். அடுத்த நாளிலிருந்து வெள்ளரிக்காயைப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று, திருடித் தின்பவன் போலத் தின்றேன்.

சாப்பாடு இப்படி என்றால் நடை அதைவிட மோசம். விடியற்காலை குற்றாலம் ரோட்டில் கைவீசி நடந்தேன். முப்பது வருஷமாக வண்டியில் மட்டுமே பார்த்த ஆள் நடந்து போவதைக் கண்டதும் போகிறவன் வருகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" என்று கேட்கிறான். மாட்டேன் என்று சொன்னால் மரியாதையாக இருக்குமா? முதல் வாரம் முழுக்க வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்து, யாராவது ஒருவர் வண்டியில் ஏறித் திரும்பி வந்தேன். எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அதனால் தெரிந்தவர் கண்ணில் படாமல் ஐந்தருவிப் பக்கம் போக ஆரம்பித்தேன். அங்கேதான் தங்கள் காதுக்கு வந்திருக்கக்கூடிய இரண்டாவது வதந்தி பிறந்தது.

அருவிக்குப் போகும் வழியில் கால்சட்டையும் தோளில் துண்டுமாக நின்று, மகள் சொல்லிக்கொடுத்தபடி கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தேன். கேரளத்துக்காரர் ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்து, "சேட்டா, தொடங்கிக்கோ" என்றார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் என்று நினைத்துவிட்டார். எண்ணெய் இல்லை என்றுதான் சொல்லிப் பார்த்தேன். அவரே பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். என்ன செய்ய அண்ணாச்சி, நான் கல்லாவில் உட்காருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் மாவு பிசைந்தவன். அகலமான வெள்ளை முதுகைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. பிசைந்தேன், அடித்தேன், மடித்துப் போடாததுதான் குறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போய், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கை கண்டதில்லை என்று சொல்ல, எழுந்து பார்த்தால் பின்னால் மூன்று பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது ஆளின் முதுகில் இருந்தபோதுதான் தங்கள் உரக்கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் குடும்பத்தோடு என்னைத் தாண்டிப் போனார். பார்க்காததுபோலப் போனார். இசக்கியப்பன் கடை நொடித்துப்போய் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கடை நன்றாக ஓடுகிறது. அன்றைக்கு நான் செய்தது உடற்பயிற்சி. மறுநாள் என் தோள் எழவில்லை.

ஆனாலும் விடவில்லை. நாலரை மாதத்தில் நாற்பத்து நாலு அங்குலம் முப்பத்தெட்டாயிற்று. டாக்டரம்மா எழுந்து நின்று கைகொடுத்தார். ஊர்தான் கைகொடுக்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை கொடியில் காய்வதுபோலத் தொங்குகிறது, சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து என் கட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அச்சன்புதூரில் ஒரு துஷ்டிக்குப் போனேன். வந்தவர்கள் பாதிப்பேர் செத்தவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அங்கேதான் தங்கள் பெரியப்பா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரியில பாக்குதிய?" என்று மெதுவாகக் கேட்டார். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இப்ப ஆஸ்பத்திரி எதுக்கு? வீட்டுலயே மக பாத்துக்கிடுதா" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கு என்று எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேதி தள்ளிப்போன சேதி வந்த அன்று, இந்தத் தொப்பை இருந்தால்தானே சம்பந்திக்கு நம்பிக்கை, வளர்த்தவனுக்கு மறுபடி வளர்க்கத் தெரியாதா என்று கடையில் உட்கார்ந்து ஆறு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றினேன். முதல் வாய் போவதற்குள் சண்முகப்பிரியா வந்து இலையை இழுத்துவிட்டாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. "நீங்க வயிறு வளத்தாத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும்னா, எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்பா. தாலி கட்டும்போது நீங்க இங்கன இருக்கணும், அதுக்குத்தான் நான் கெடந்து இந்தப் பாடு படுதேன்" என்றாள். பிறகு அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, ஆறையும் அவளே தின்றாள். அழுதுகொண்டே தின்றாள். வீணாக்கக் கூடாது என்று நான் வளர்த்த பிள்ளை. தங்கள் மகன் மணிகண்டபிரபு தங்கமான பையன். அவன் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது அண்ணாச்சி. ஆனாலும் அன்றைக்கு நான் கையைக் கழுவிவிட்டுக் கொள்ளுதான் தின்றேன்.

ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நம்பிக்கை வராவிட்டால் தாங்கள் காட்டுகிற எந்த டாக்டர் முன்னாலும் சட்டையைக் கழற்றி நிற்கத் தயார். ஐந்தருவியில் மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அங்கே எனக்கு வாடிக்கைக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். தங்கள் வீட்டு மதினிக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய ஆசி. தங்கள் குடும்பமும் உரக்கடையும் நோய்நொடி இல்லாமல், நோய்நொடி என்கிற பேச்சே இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எந்த வியாதியும் இல்லாத
இசக்கியப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மதினி போனில் பேராச்சியைக் கூப்பிட்டு அரைமணி நேரம் சிரித்துவிட்டு வைத்தார்கள். எனக்கு வியாதி என்ற பேச்சைத் தாங்கள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லையாம். போன மாதம் பத்திரிகை அடிக்க நான் அனுப்பிய என் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தாங்கள் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறீர்களாம். கல்யாண மேடையில் இசக்கியப்பன் பக்கத்தில் இந்த வயிற்றோடு எப்படி நிற்பது, தை வரைக்கும் டைம் கொடு என்று மதினியிடம் கெஞ்சினீர்களாம். ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் வாசிக்க வேண்டியதில்லை. கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். தேதியை மட்டும் மாற்றாதீர்கள் அண்ணாச்சி. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிய நான் கடையத்துக்கு வருகிறேன், சேர்ந்து நடப்போம். அதற்குள் குறையவில்லை என்றாலும் பரவாயில்லை. போட்டோக்காரன் ரெடி சொல்லும்போது நான் மூச்சை இழுத்து என் வயிற்றை உப்பவைத்துக்கொண்டு நிற்கிறேன்.