பெயர் சொல்ல விரும்பாதவரின் கோப்பு எண்

கோப்பு எண்: 41/குடும்பம்
பொருள்: என் கணினியில் நீ போட்டுவிட்டுப் போன வி.பி.என்னை உடனே அகற்றக் கோருதல்
பார்வை: சென்ற மாதம் நீ நேரில் வந்து, சாப்பிட்டு, செய்த காரியம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இருவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உன் அக்கா நலம்.

நான் உன்னிடம் கேட்டது என்ன? எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் எட்டு மாதமாக ஓர் ஓடாத டிரெட்மில் நிற்கிறது, அதில் மூன்று முறை முழங்காலை இடித்துக்கொண்டேன், அது மேல்வீட்டுச் சம்பந்தியுடையது, குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவரே, பெண்ணைக் கொடுத்த இடத்தில் அழுத்திக் கேட்க முடியாது, ஆகவே சங்கத்தின் இணையதளத்தில் பெயர் தெரியாமல் புகார் எழுத ஒரு வழி கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "பேரை மறைச்சா மட்டும் போதாது அத்தான், எந்த வீட்டு இணைப்புலேருந்து வருதுன்னு ஐபி முகவரி காட்டிக் கொடுத்துடும். இதைப் போட்டா வேற நாட்டு முகவரிதான் தெரியும்" என்றாய். நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அன்று முதல் என் கணினி ஏதோ பனிநாட்டில் குடியிருக்கிறது. வானிலைப் பக்கம் கடும் பனிப்பொழிவு என்றது, உன் அக்கா கொளுத்துகிற வெயிலில் காய்ந்த துணியை எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். செய்தித்தாள் புரியாத மொழியில் திறக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நான் மனிதன்தானா என்று கேட்டு, போக்குவரத்து விளக்குள்ள படங்களைத் தொடச் சொல்கிறது. முப்பத்தோரு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நீ சொன்னபடி கேமராவுக்கும் பிளாஸ்திரி ஒட்டினேன். அதை மறந்துபோய் உன் பெரியக்காவோடு வீடியோ அழைப்பில் அரைமணி நேரம் பேசினேன். இருட்டிலே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் அழுதுவிட்டாள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு புகாரை அனுப்பினேன், அடியில் 'பெயர் சொல்ல விரும்பாதவர்' என்று போட்டு. கால்மணி நேரத்தில் சம்பந்தி கதவைத் தட்டினார். கையில் அச்செடுத்த தாள். "உங்க புகார் வந்துச்சு சம்பந்தி" என்றார். எந்தப் புகார் என்றேன். அவர் நிதானமாகப் படித்தார்: "கோப்பு எண் 7. பொருள், டிரெட்மில். பார்வை ஒன்று, கடந்த ஞாயிறு என் மகளைப் பார்க்கத் தங்கள் இல்லம் வந்தபோது தாங்கள் 'பாத்துக்கலாம்' என்றது." மடித்துப் பையில் வைத்தார். "இதுக்கு ஐபி முகவரி வேற பார்க்கணுமா?"

கோப்பு எண் இல்லாமல், பார்வை இல்லாமல் ஒரு கடிதம் எழுத எனக்குக் கை வராது. அதை நீயல்லவா முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்? நம் பெண் வந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா, நான் அங்கதானே வாழணும்" என்றாள். நான்கு நாளாகப் படியில் எதிர்ப்பட்டாலும் பேசவில்லை. முழங்கால் வலி பெரிதில்லை. இது தாங்கவில்லை.

ஆகவே இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் வந்து அந்தச் சனியனைக் கழற்றவும். மறைப்பதெல்லாம் நேர்மையான மனிதனுக்கு அழகல்ல. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
நகல்: உன் அக்காவுக்கு (வாய்மொழியாக)

பி.கு.: கடிதத்தை அஞ்சலில் சேர்க்காமல் ஐந்து நாள் வைத்திருந்ததில் நிலைமை மாறிவிட்டது. "இவ்வளவு ஒழுங்கா எழுதற ஆள் சங்கத்துக்கு வேணும்" என்று சம்பந்தி பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது நான்தான் செயலாளர். பெண் பேசுகிறாள். டிரெட்மில் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. இதற்குள் எவரோ, 'புதுச் செயலாளர் வந்தும் அது அங்கேயேதான் நிற்கிறது' என்று பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். கோப்பு எண்ணும் இல்லை, பார்வையும் இல்லை, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? நீ உடனே புறப்பட்டு வா. அந்த ஐபி முகவரியை எங்கே பார்ப்பது என்று காட்டு.