பிரிகேடியர் வீட்டுச் சமையலறைத் தொலைபேசி

பேரன்புள்ள அண்ணாவுக்கு, உங்கள் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது.

நீங்களும் அண்ணியும் அண்ணியின் முழங்காலும் சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரருக்குப் பெரிய பதவி கிடைத்துவிட்டது. இனி ராணுவத்தின் சிக்னல் படை முழுவதற்கும் அவர்தான் தலைவர். கம்பி, வயர்லெஸ், ஆன்டெனா எல்லாம் அவர் சொன்னால்தான் வாயைத் திறக்கும். அது கிடைத்த விதத்தை மட்டும் நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. அண்ணியிடம் சொன்னால் போதும், மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார்.

நீங்கள் எனக்குப் பார்த்துவைத்த மாப்பிள்ளை எவ்வளவு அப்பாவி என்று உங்களுக்கே தெரியும். கம்பி இழுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டு இதுவரை ஒரு வேலையிலிருந்தும் கம்பி நீட்டாதவர். புதிதாகச் சேர்ந்த காலத்தில், பயிற்சி மைதானத்தில் இவர் இழுத்த கம்பியை ஒரு மாடு மென்றுவிட, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே ஓடி மறுமுனையை மாட்டின் வாயில் கண்டுபிடித்தார். பழுதை இத்தனை சீக்கிரம் யாரும் பிடித்ததில்லை என்று மேலதிகாரி பாராட்டினார். மேஜராக இருந்தபோது மலை உச்சியில் நிறுத்திய ஆன்டெனாவில் தலைமையகத்து உத்தரவு ஒன்றுகூட வரவில்லை, எங்கோ ஒரு வானொலியின் சமையல் நிகழ்ச்சி மட்டும் கணீரென்று வந்தது. படைப்பிரிவே கேக் செய்யக் கற்றுக்கொண்டது. சோதனைக்கு வந்த கர்னல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, வீரர்களின் மன உறுதி பிரமாதம் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததை இவர் பழக்கதோஷத்தில் ரகசியக் குறியீட்டில் தந்தியடிக்க, நம் அப்பா இரண்டு சைக்கிள் வருகிறது என்று வாசலில் காத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்தத் தடவை பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் இவர். இன்னொருவர், தளபதி தும்மினால்கூடக் கைதட்டுகிறவர். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஜால்ரா. கிடைக்காவிட்டால் இவர் ஓய்வுபெற வேண்டியதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, தட்டில் போட்டது அப்படியே இருக்கும், மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் என் மிக்சியைப் பிரித்துப் போட்டுவிடுவாரே என்ற பயம் வேறு.

அந்தச் சமயத்தில்தான் இவர் தளபதியையும் அவர் மனைவியையும் ஜால்ராவையும் விருந்துக்கு அழைத்தார். உபசாரத்தில் குறை வரக்கூடாது என்று வாசலுக்கும் சமையலறைக்கும் தொலைபேசிக் கம்பி இழுத்தார். கூடத்தில் பூச்சாடிக்குப் பக்கத்தில், மெல்லிய இசை வர ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. நான் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற சார்ஜென்ட் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, பெரியவங்க எப்போ கிளம்புவாங்க? காரைத் திருப்பி வைக்கணும்."

"எனக்கெப்படிப்பா தெரியும்? வந்ததுலேருந்து மலை ஏறின கதையையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்காரு. ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் வளருது. இன்னொரு தடவை சொன்னா மேகத்துல முட்டிக்கும். இந்த ஜால்ரா வேற, ஏதோ பின்னாடியே ஏறிப் போன மாதிரி மூச்சு வாங்குறாரு!"

போனை வைத்தேன். கரண்டியோடு கூடத்துப் பக்கம் போனேன். எட்டிப் பார்த்தால் எல்லோரும் பூச்சாடியையே பார்க்கிறார்கள். கம்பி மாறிப்போய், நான் பேசியதெல்லாம் அந்தப் பெட்டி வழியாக வந்திருக்கிறது! அண்ணா, சூப் பாத்திரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் உள்ளே இறங்கி மூடிபோட்டுக்கொண்டிருப்பேன். இவரோ ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி நாப்கினை மடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது தளபதியின் மனைவி. "இத்தனை வருஷமா நான் சொன்னேன், கேட்டீங்களா?" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தளபதி என்னைக் கூப்பிட்டார். கையில் கரண்டியோடு போய் நின்றேன்.

"நீங்களே சொல்லுங்கம்மா. மலை எவ்வளவு உயரம் இருக்கலாம்?"

"முதல் தடவை சொன்னீங்களே சார், அந்த உயரமே போதும்."

அவர் சிரித்த சிரிப்பில் சட்டைப் பதக்கங்கள் கலகலவென்று ஆடின. ஜால்ரா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருமிவைத்தார். மறுநாளே தளபதி இவரைக் கூப்பிட்டு, "என்கிட்ட வர்ற எல்லா லைன்லயும் நல்ல சேதி மட்டும்தான்யா வருது. உண்மை வர்ற ஒரே லைன் உன் வீட்லதான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆக, ஒரு கம்பியைத் தவறாக மாட்டி இந்த அப்பாவி உச்சிக்குப் போய்விட்டார். இனி வீட்டுக்குள் ஒரு கம்பியும் இழுப்பதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள், உங்கள் காலுக்கு ஒரு கும்பிடு.

பிரியமுள்ள தங்கை.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது அவர் வாங்கிப் படித்தார். "தப்பா மாட்டினேனா? நானா?" என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சார்ஜென்டைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னதே இவர்தானாம்! "மலையைப் பத்தி நான் சொன்னா வேலை போகும், நீ சொன்னா வேலை கிடைக்கும். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா மரியாதையா பேசித் தொலைச்சிருப்பே" என்கிறார். அண்ணா, மேலே அப்பாவி என்று எழுதிய இடங்களிலெல்லாம் மை கொட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளவும்.