காளான் அண்ணனின் ஏழு நாள் வைத்தியம்

முகம் வழிக்க வந்தவருக்கு இரத்தம் வரவில்லையே என்று வருந்திய ஒரே சலூன்காரர், நானறிய, மலைநாட்டு மஹய்யாவயில் இருந்த காளான் அண்ணன்தான். அறுபதைத் தாண்டியும் தெருவுக்கே அண்ணன்.

சின்னக் கீறல் விழுந்தால் போதும், மனிதர் மலர்ந்துவிடுவார். மழை விட்ட ஞாயிறுகளில் ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் போய் உருண்டைக் காளான்களைப் பொறுக்கிவந்து தகரத்தில் காயவைப்பார். காய்ந்ததை அமுக்கினால் பழுப்புத் தூள் புகையாய்க் கிளம்பும். காயத்தில் அப்பினால் இரத்தம் நிற்கும். வாடிக்கையாளரோ தும்மித் தும்மி இரண்டாவது வெட்டும் வாங்குவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நான், சலூனின் மேலறையில் வாடகைக்குத் தங்கி, சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்கும் தாடையில் வெட்டு விழுந்தது.

"ஏழு நாளைக்கு வந்து மருந்து போட்டுக்கங்க தம்பி."

நாலாம் நாள் கண்ணாடியில் தேடியும் காயத்தைக் காணோம்.

"மாறிட்டுது அண்ணை."

"மேல ஆறிருச்சு. உள்ள ஆற வேணாமா? உக்காருங்க, டீ வருது."

அப்படி உட்கார்ந்த ஒரு மாலையில்தான் விஷயம் தெரிந்தது. மனைவி இறந்து வெகுகாலம். மலைநாட்டுத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டதில் பிரஜாவுரிமை இவருக்கு இங்கே கிடைத்தது, மகனுக்கு இந்தியாவில். மகன் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டான்.

"கடிதம் வாறதோ அண்ணை?"

"மொதல்ல வந்துச்சு" என்று சவரக்கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே கூராகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு, காளான் பொறுக்கப் போன இடத்தில் பாறை வழுக்கிவிட்டது. கையைத் துவாயால் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். துவாய் முழுக்கச் சிவப்பு. நான் ஓடிப்போய்த் தூள் டின்னை எடுத்தேன்.

"அதை வைங்க தம்பி. வெட்டு ஆழம். தைக்கணும்."

"அப்ப உங்கட மருந்து?"

"அது சவரக்கத்திக் கீறலுக்கு. எனக்கென்ன பைத்தியமா?"

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கூட வந்தது யார், உறவா?" என்று தாதி சிங்களத்தில் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"மகன்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில்.

 பஸ் ஏறியதும் அண்ணன் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார்.

"கைய வெளிய நீட்டாத."

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கையை உள்ளே எடுத்துக்கொண்டேன்.